மொட்டைத்தீவு

"அண்ணை, பொம்பிளையின்ர தகப்பன் இருக்கிறாரோ, இல்லையோ? அதை மட்டும் சொல்லுங்கோ. மிச்சமெல்லாம் நான் சரிப்பண்ணிப் போட்டன்."

யாழ்ப்பாணத்தில் கலியாணக் கார்ட் அடிக்கிற பொடியன் வட்ஸ்அப்பில் எடுத்துக் கேட்டான். லண்டன் எட்மண்டனில், உறைந்த சாப்பாட்டுச் சாமான் வைக்கிற ஸ்டோர் ஒன்றில் அது தேத்தண்ணி நேரம். விஜயரத்தினம் குளிரறை ஜக்கெட்டின் சிப்பைத் திறந்துவிட்டு, வாசலோரத்தில் சாமான் அடுக்குகிற ஒரு மரப் பலட்டின் மேல் குந்தியிருந்தார். விரல்கள் விறைத்துப்போய், கோப்பையைப் பிடிக்க இரண்டு உள்ளங்கையும் வேண்டியிருந்தது.

"பேர் தந்தனான்தானே தம்பி?"

"பேர் தந்தனீங்கள் அண்ணை. பேருக்கு முன்னால திரு போடுறதோ, அமரர் போடுறதோ எண்டு சொல்லேல்லையே. மாப்பிளை பகுதிக்கு வடிவா திரு திருமதி எண்டு கிடக்குது. உங்கட பக்கத்தில மொட்டையா ஒரு பேர். அப்பிடி அடிச்சா என்னைத்தான் சிரிப்பினம். ஆள் இருக்கிற ஆளோ, இல்லாத ஆளோ?"

"பேந்து சொல்லுறன்."

"கெதியாச் சொல்லுங்கோ. இந்தக் கிழமை அனுப்பாட்டில் கூரியருக்கு ஏலாது."

கேட்டால் சின்னக் கேள்விதான். ஆனால் இருபத்தெட்டு வருசமாக அந்தக் குடும்பத்தில் ஒருவரை ஒருவர் கேளாமல் தள்ளிவைத்திருந்த கேள்வி அது.

பொம்பிளை துஷ்யா, விஜயரத்தினத்தின் தம்பி சுபாஸ்கரனுடைய ஒரே பிள்ளை. அந்தச் சுபாஸ்கரன் கடைசியாகக் கால் வைத்த இடம் எதுவென்று விஜயரத்தினத்துக்கு நன்றாகத் தெரியும். நோர்வேயின் வடக்குத் தலையில், காற்றுக்குப் பயந்து மரமே முளைக்காத ஒரு கற்கரை. அங்கே ஒரு மீன் பக்டரி; அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் அதில்தான் வேலை. அதற்கு நேரெதிரே கடலுக்குள் ஒரு சின்னத் தீவு. ஊர்க்காரர் அதற்கு ஒரு பெயர் வைத்திருந்தார்கள். பக்டரியில் வேலை செய்த தமிழ்ப் பொடியன்களின் வாயில் அது நுழையவில்லை. கரும்பாறை, அதற்கு மேலே, மொட்டையடித்துக் கொஞ்ச நாள் போன தலை மாதிரி நறுக்கென்று கொஞ்சம் புல். வீடில்லை, வேலியில்லை, ஒரு மனிசச் சீவனில்லை. மொட்டைத்தீவு என்று இவர்கள் பெயர் வைத்துக்கொண்டார்கள்.

மீன் வெட்டுகிற மேசைகளுக்கு முன்னால் நீட்டுக்கு ஒரு கண்ணாடி ஜன்னல். குனிந்தால் மீன், நிமிர்ந்தால் மொட்டைத்தீவு. வேறு பார்க்க ஒன்றுமில்லை. ஒரு கூவு கூவினால் அங்கே கேட்கும் போலிருக்கும். ஆனால் இடையிலே தண்ணீர் சும்மா கிடக்காது. கறுத்து, சுழித்து, இழுத்துக்கொண்டு ஓடும். கடற்காகங்கள் முட்டையிடுகிற காலத்தில் மட்டும் ஆட்கள் வள்ளம் வலித்துப் போய் முட்டை பொறுக்கி வருவார்கள். மற்றக் காலமெல்லாம் அது பறவைகளின் பாடு.

சுபாஸ்கரன் உரும்பிராயில் பிறந்தவன். அவனுக்குச் செம்மண்ணும் கிணறும் தெரியும். கடல் தெரியாது, நீந்தவும் தெரியாது. சூரியன் விழுந்துபோகாமல் வானத்தைச் சுற்றிக்கொண்டிருக்கிற ஜூன் மாதத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, பக்டரியை மேற்பார்க்கிற போர்மனிடம் சின்ன வள்ளத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு தனியப் போனான். "வெங்காயத்தை வெட்டி வையுங்கோடா, வந்து முட்டைக்குழம்பு வைப்பம்" என்று சொல்லிவிட்டுத்தான் போனான். பொடியன்கள் வெங்காயத்தை வெட்டி வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெங்காயம் காய்ந்தது.

வள்ளம் தீவில் கட்டினபடி கிடந்தது. பாறையில் ஒரு வாளி. வாளி நிறைய முட்டை, ஒன்றுகூட உடையவில்லை. ஆள் மட்டும் இல்லை. ஹெலிகொப்டர் வந்தது, கரையோரக் காவல் கப்பல் வந்தது, ஊர்ச் சனமும் தங்கள் தங்கள் வள்ளங்களோடு வந்து தேடியது. விஜயரத்தினம் அந்தப் பாறையில் நாலுகாலில் தவழ்ந்து, ஒவ்வொரு வெடிப்புக்குள்ளும் தலையை விட்டு, தம்பியின் பெயரைச் சொல்லிக் கத்தினார். கடற்காகங்கள் திரளாக வந்து தலையில் கொத்தின. உடம்பு கிடைக்கவில்லை. காணவில்லை என்று பொலிஸ் எழுதிக்கொண்டு போனது.

ஆள் செத்தால் நாலு நாள் அழுவார்கள், பிறகு வாயை மூடிக்கொள்வார்கள். காணாமல் போனால் கதை கட்டுவார்கள். "அண்டைக்கு ஒரு ரஷ்யக் கப்பல் கிட்டவாப் போனதாம். ஆள் ஏறிட்டான். எங்கையோ ஒரு வெள்ளைச்சியோட இருப்பான்" என்று பக்டரியில் ஒருத்தன் பகிடி விட்டான். விஜயரத்தினம் கையிலிருந்த மீனாலேயே அவன் முகத்தில் அறைந்தார். பிறகு யாரும் அவர் காதுபடக் கதைக்கவில்லை.

சுபாஸ்கரன் முந்தின வருசம் ஊருக்குப் போய்க் கட்டிவிட்டு வந்த மனுசி தயாளினிக்கு அப்போதுதான் ஊரில் விசா கிடைத்திருந்தது. கைக்குழந்தையோடு அந்த வருசக் கடைசியில் வந்து இறங்கினாள். இருபத்திமூன்று வயது. விமான நிலையத்துக்குக் கூப்பிடப் போனவர்கள் எல்லாரும் முதலில் பார்த்தது அவள் நெற்றியை. பொட்டு இருந்தது. கழுத்தைப் பார்த்தார்கள். தாலிக்கொடி இருந்தது.

"காணேல்லை எண்டுதானே ரெலிபோனில சொன்னனீங்கள் அத்தான். மோசம் போட்டார் எண்டு சொல்லேல்லையே" என்றாள் விஜயரத்தினத்திடம். அவ்வளவுதான்.

அதே பக்டரியில், அவன் நின்ற மேசையில் அவளுக்கு வேலை கொடுத்தார்கள். குனிந்தால் மீன், நிமிர்ந்தால் மொட்டைத்தீவு. பிள்ளை பள்ளிக்கூடம் போகிற வயது வந்து, ஒருத்தர் பின்னால் ஒருத்தராகத் தமிழ்ச் சனம் லண்டனுக்குக் கிளம்பியபோது இவர்களும் கிளம்பினார்கள். விஜயரத்தினமும் மனுசி ரஜனியும் எட்மண்டனில். தயாளினி பிள்ளையோடு செவன் கிங்ஸில். அங்கேயும் பொட்டு; அங்கேயும் கொடி. வரவேற்பறையில் சுபாஸ்கரனின் படம் மாலையில்லாமல், உயிரோடிருக்கிறவர்களின் படங்களுக்கு நடுவிலே சிரித்துக்கொண்டிருந்தது. அவன் பிறந்த நட்சத்திரத்தில் கோயிலுக்குப் போய் அவன் பெயருக்கு அர்ச்சனை செய்வாள். தட்டைப் பிடித்துக்கொண்டு விஜயரத்தினம் பக்கத்தில் நிற்பார். ஐயர் அவனுக்கு ஆயுளைக் கேட்கும்போது அவர் தட்டையே பார்த்துக்கொண்டிருப்பார்.

அவருக்கு ஒரே ஒரு ஆசைதான் மிச்சமிருந்தது. உடம்பு கிடைக்காதவனுக்குத் தர்ப்பையில் உருச் செய்து எரித்து, அந்தியேட்டிக் கிரியை முடித்து, வருசத்தில் ஒரு நாள் தம்பியின் பெயரைச் சொல்லி ஒரு பிடி சோறு வைக்கவேண்டும். தாய் தகப்பனுக்கு வைக்கிறார். தம்பிக்கு வைக்க வழியில்லை. ஐயரைக் கேட்டுப் பார்த்தார். "பெண்சாதி நெத்தியில பொட்டோட இருக்க, நான் எப்பிடி ஐயா கிரியை செய்யிறது? அவவை முதல் ஓம் எண்டு சொல்லச் சொல்லுங்கோ" என்று அவர் கையை விரித்துவிட்டார்.

இப்போது கார்ட் வந்து கதவைத் தட்டுகிறது. அமரர் என்று ஒரு சொல் அச்சில் ஏறிவிட்டால், பிறகு கிரியைக்கு யார் மறிக்க முடியும்? விஜயரத்தினம் தேத்தண்ணியின் அடிமண்டியைச் சரித்து ஊற்றிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை இதை எப்படியும் கதைத்துத்தான் முடிக்கிறது என்று எழும்பினார்.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் மாப்பிளையின் தாய் தகப்பன் டூட்டிங்கிலிருந்து தயாளினி வீட்டுக்கு வருவதாக இருந்தது. கார்ட்டைப் பார்த்து, கலியாணத்தில் யார் யார் என்னென்ன செய்வது என்று முடிவெடுக்க. விஜயரத்தினமும் ரஜனியும் முன்கூட்டியே வெளிக்கிட்டார்கள். பஸ்ஸில் ரஜனி சொன்னாள்: "இண்டைக்கும் வாய்க்குள்ள வடையை அடைஞ்சுகொண்டு பேசாமல் வரப்போறியள். எனக்குத் தெரியும்."

"இல்லையப்பா. இண்டைக்குக் கதைப்பன்."

"கதைப்பியள். பஸ் எப்ப வரும் எண்டு கதைப்பியள்."

தயாளினி குசினியில் வடை சுட்டுக்கொண்டிருந்தாள். மத்தியான மழைக்கு ஜன்னல் கண்ணாடி வேர்த்திருந்தது. துஷ்யா மேல்மாடியில் சாரி உடுத்துக்கொண்டிருந்தாள். ரஜனி வேண்டுமென்றே வரவேற்பறையில் தங்கிவிட்டாள். விஜயரத்தினம் அடுப்படிக்குப் போய், எங்கே நிற்பதென்று தெரியாமல் பிரிட்ஜில் சாய்ந்தார்.

"தயா, கார்ட் அடிக்கிற பொடியன் கேக்கிறான்."

"திரு போடச் சொல்லுங்கோ அத்தான்."

"அதைத்தான் கதைக்க வந்தனான்."

"எண்ணெய் தெறிக்கும், தள்ளி நில்லுங்கோ."

அவர் தள்ளி நின்றார். ஆனால் போகவில்லை. "என்ர அம்மா அப்பாவுக்குப் படைக்கிறன். அவனுக்கு ஒரு பிடி சோறு நான் வைச்சதில்லை தயா. அவன் அந்தத் தண்ணிக்குள்ள கிடக்கிறான் எண்டு தெரிஞ்சுகொண்டு, கோயிலில போய் அவனுக்கு ஆயுளைக் கேட்டுக்கொண்டு நிக்கிறன். எனக்கும் வயசு போகுது. அவன் வருவான் எண்டு நீ பாத்துக்கொண்டிருக்கிறாய். அவன் வரமாட்டான் அம்மா."

தயாளினி அகப்பையால் வடைகளை ஒவ்வொன்றாக எடுத்து எண்ணெயை வடித்தாள். அடுப்பை நிப்பாட்டினாள்.

"அவர் வரமாட்டார் எண்டு எனக்குத் தெரியும்" என்றாள்.

விஜயரத்தினம் சரியாகக் கேட்டோமோ என்று பார்த்தார்.

"நான் வந்த அடுத்த வருசம், முட்டைக் காலத்தில, போர்மனின்ர மனுசியோட மொட்டைத்தீவுக்குப் போனனான். உங்களுக்குச் சொல்லேல்லை. நீங்கள் விட்டிருக்கமாட்டியள். பாறை முழுக்கப் பாசி. சப்பாத்துப் போட்டும் எனக்கு நிக்க ஏலேல்லை. விளிம்பில இருந்து தண்ணிக்குள்ள கையை வைச்சுப் பாத்தன். கொஞ்ச நேரம்தான். விரலெல்லாம் என்ர விரலில்லை மாதிரிப் போட்டுது. அதுக்குள்ள விழுந்தா ஆரையும் கூப்பிடவும் நேரம் இருந்திருக்காது. அந்த மனுசி ஒண்டும் சொல்லாமல் என்ர கையை எடுத்துத் தன்ர கம்பளிச் சட்டைக்குள்ள வைச்சுக்கொண்டா. அண்டைக்கே எனக்கு முடிஞ்சுது அத்தான்."

"அப்ப இதெல்லாம்..." அவர் தன்னையறியாமல் அவள் நெற்றியைக் காட்டினார்.

"அப்பா செத்தபோது எங்கட அம்மாவுக்கு முப்பது வயசு. அதுக்குப் பிறகு ஒரு கலியாண வீட்டிலயும் அம்மா முன்னுக்கு நிண்டு நான் காணேல்லை. என்ர கலியாணத்தண்டு, கோழிக்கூட்டுக்குப் பின்னால நிண்டு பாத்தவ. பெத்த பிள்ளையின்ர கலியாணம். தேத்தண்ணி ஊத்த மட்டும் கூப்பிட்டினம். பிளேனில வரேக்க பிள்ளையை மடியில வைச்சுக்கொண்டு அதைத்தான் நினைச்சுக்கொண்டு வந்தனான். காணேல்லை எண்டு நீங்கள் சொன்னது எனக்குப் பிடிக்க ஒரு கொப்பு மாதிரி இருந்தது. பிடிச்சுக்கொண்டன்."

"இந்தக் காலத்தில, லண்டனில, உதெல்லாம் ஆர் பிள்ளை பாக்கினம்?"

"பாக்கமாட்டம் எண்டு வாயால சொல்லுவினம். அமரர் எண்டு போட்டிட்டுப் பாருங்கோ, ஆலாத்தித் தட்டு என்ர கைக்கு வருதோ எண்டு. ஆரும் ஒண்டும் சொல்லமாட்டினம். 'நீர் இரும் தயா, களைச்சுப் போனீர்' எண்டு கதிரையை இழுத்துப் பின்னுக்குப் போடுவினம். துஷ்யாவை நான் தனிய வளத்தனான் அத்தான். மணவறைக்கு என்ர கையால கூட்டிக்கொண்டு போகவேணும். எனக்கு வேற ஒண்டும் வேண்டாம்."

அவள் வடைத் தட்டைத் துடைத்தாள். பிறகு, ஏதோ சின்ன விசயம் சொல்லுகிற மாதிரிச் சொன்னாள்: "நான் அவருக்காக ஒரு நாளும் வாய்விட்டு அழேல்லை. அழுதா, இவளுக்கு எல்லாம் தெரியும் எண்டு ஆரும் கண்டுபிடிச்சிடுவினம்."

எதிர்பார்த்துக்கொண்டிருக்கிற ஒருத்தியிடம் உண்மையைச் சொல்லத்தான் விஜயரத்தினம் வந்தார். உண்மையைத் தன்னந்தனியே வைத்துக் காத்துக்கொண்டிருந்தவளிடம் என்ன சொல்வதென்று அவர் யோசித்து வரவில்லை. வாசல் மணி அடித்தது.

மாப்பிளையின் தாய் பத்மாசனி ஆள் கொஞ்சம் பெரிய உடம்பு, பெரிய குரல், கள்ளமில்லாத மனுசி. தகப்பன் ஞானரட்ணம் அதிகம் கதைக்காத மனுசன். "உந்த மழைக்குள்ள ரெயினும் மாறி, பஸ்ஸும் மாறி... பொம்பிளை எடுக்கிறதெண்டால் சும்மாவோ" என்று சிரித்துக்கொண்டே பத்மாசனி செருப்பைக் கழற்றினாள். வடையைச் சாப்பிட்டாள், புகழ்ந்தாள். பிறகு சுவரிலிருந்த படத்தைப் பார்த்தாள்.

"இவர்தானோ துஷ்யான்ர அப்பா? பொடியன் மாதிரியெல்லோ இருக்கிறார்."

அவள் வடைத் தட்டைக் கீழே வைத்தாள்.

"குறை நினைக்கக்கூடாது. மனசில வைச்சுக்கொண்டு திரியிறதிலும் பார்க்கக் கேக்கிறது நல்லம். துஷ்யாவைக் கேட்டா, அப்பா நோர்வேயில எண்டுறா. என்ர மகன் தர்ஷனும் அதுக்கு மேல தனக்குத் தெரியாது எண்டுறான். என்ர பெரியண்ணை பழைய ஆள், அவர் ஒவ்வொரு நாளும் போன் பண்ணிக் கேக்கிறார். மோசம் போட்டார் எண்டால் அமரர் எண்டு போடுவம். அதில ஒண்டுமில்லை. விஜயரத்தினம் அண்ணையும் ரஜனி அக்காவும் முன்னுக்கு நிண்டு எல்லாத்தையும் செய்யட்டும். தயா ஆறுதலா இருக்கட்டும், நாங்கள் ஒரு குறையும் வைக்கமாட்டம். இருக்கிறார் எண்டால், ஏன் வரேல்லை எண்டு சனம் கேக்கும். ரெண்டில ஒண்டை நாங்கள் சொல்லவேணும்தானே?"

ஆறுதலாக இருக்கட்டும். கதிரை எடுத்துப் போட்டாயிற்று. விஜயரத்தினம் தயாளினியைப் பார்த்தார். அவள் தேத்தண்ணித் தட்டைப் பிடித்தபடி குசினி வாசலில் நின்றாள். எல்லாரும் இருக்கிற இடத்திலிருந்து ஓரடி பின்னுக்குப் போயிருந்தாள். யாரும் சொல்லாமலே போயிருந்தாள்.

அமரர் என்ற சொல் அவர் நாக்கில்தான் இருந்தது. அதைச் சொல்லத்தான் வந்தார். சொன்னால் தம்பிக்கு ஒரு பிடி சோறு.

"இருக்கிறான்" என்றார்.

ரஜனி திரும்பிப் பார்த்தாள்.

"வெக்கமாக் கிடக்குது அக்கா. அதாலதான் இவ்வளவு நாளும் சொல்லேல்லை. என்ர தம்பி உயிரோட இருக்கிறான். அங்க ஒருத்தியோட ஓடிப்போட்டான். வெள்ளைக்காரி. தயா பிள்ளையோட வந்து இறங்க முந்தியே போட்டான். எங்களோட ஒரு தொடுசலும் இல்லை. கலியாணத்துக்குச் சொன்னாலும் வரமாட்டான். சொல்லவும் மாட்டம்."

சொல்லி முடிந்த பிறகுதான், இருபத்தெட்டு வருசத்துக்கு முன்னால் தான் மீனால் அறைந்த வாயிலிருந்து வந்த கதை இது என்று அவருக்கு உறைத்தது.

பத்மாசனி வாயில் கையை வைத்தாள். பிறகு எழும்பிப் போய்த் தயாளினியின் கையிலிருந்த தட்டை வாங்கி மேசையில் வைத்துவிட்டு, அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஐயோ பிள்ளை... இப்பிடியொரு தங்கமான மனுசியை விட்டிட்டு... கண்ணில முள்ளுக் குத்தாதோ அவனுக்கு!"

அதுவரை பேசாமலிருந்த ஞானரட்ணம் தொண்டையைச் செருமினார். "திரு எண்டே போடுங்கோ. அந்தாள் வராட்டில் போகட்டும். தாய் எண்டு நீர் இருக்கிறீர். நீர்தான் முன்னுக்கு நிக்கவேணும். பத்மாவின்ர பெரியண்ணைக்கு நான் சொல்லிக்கொள்ளுறன்."

தயாளினி தலையை ஆட்டினாள். விஜயரத்தினத்தின் பக்கம் பார்க்கவில்லை.

படியில் பாதியில் துஷ்யா நின்றுகொண்டிருந்தாள், சாரித் தலைப்பைக் கையில் பிடித்தபடி. எவ்வளவு நேரமாக நின்றாளோ தெரியாது. இறங்கி வந்து எல்லாரோடும் சிரித்துக் கதைத்தாள். மாப்பிளை வீட்டார் வெளிக்கிட்டுப் போய், கதவு சாத்தின பிறகுதான் திரும்பினாள்.

"ஹவ் குட் யூ சே தட், பெரியப்பா?" கோபம் வந்தால் அவளுக்கு இங்கிலிஷ்தான் வரும். ஆனால் அடுத்ததைத் தமிழில் சொன்னாள், அவருக்கு நன்றாக விளங்கட்டும் என்று. "அப்பா எனக்கு எண்டு ஒண்டும் விட்டிட்டுப் போகேல்லை. ஒரு போட்டோவில என்னைத் தூக்கி வைச்சிருக்கிறது கூட இல்லை. நல்ல மனுசன் எண்டு எல்லாரும் சொல்லுவினம், அது மட்டும்தான் என்னட்டை இருந்தது. அதையும் எடுத்துப் போட்டீங்கள்."

விஜயரத்தினம் சப்பாத்தைப் போடக் குனிந்தவர் அப்படியே இருந்தார்.

"பெரியப்பாவைப் பேசாதை" என்றாள் தயாளினி. "எனக்காகத்தான் சொன்னவர்."

"உங்களுக்காகவோ? அப்பா வருவார் வருவார் எண்டு பாத்துக்கொண்டிருக்கிற உங்களுக்கு முன்னால, அப்பா ஒருத்தியோட ஓடிட்டார் எண்டு சொல்லுறதோ உங்களுக்காக?"

"நான் பாத்துக்கொண்டு இருக்கேல்லை, பிள்ளை."

துஷ்யா தாயைப் பார்த்தாள். கேட்கத் தேவையில்லாமல் ஏதோ ஒன்று அவளுக்குப் பிடிபட்டது போலிருந்தது. "தர்ஷனுக்கு நான் உண்மையைச் சொல்லுவன்" என்றாள், குரல் இறங்கி. "அவருக்கு மட்டும். அவர் ஆருக்கும் சொல்லமாட்டார்."

தயாளினி கதிரை ஒன்றை இழுத்துப் போட்டு ஏறி, சுவரிலிருந்து சுபாஸ்கரனின் படத்தைக் கழற்றினாள்.

"என்னம்மா செய்யிறீங்கள்?"

"விட்டிட்டுப் போன மனுசன்ர படத்தை ஆரும் ஹோலில கொழுவி வைச்சிருப்பினமோ? மாப்பிளை வீட்டுக்காரர் இனி வந்து போற ஆக்கள்."

சுவரில், படம் இருந்த இடம் மட்டும் பூச்சு வெளிறாமல் புதிதாக இருந்தது. படத்தைச் சாரித் தலைப்பால் துடைத்து நெஞ்சோடு பிடித்துக்கொண்டு அவள் படியேறிப் போனாள். அறைக்கதவு சாத்திய சத்தம் கேட்டது. பிறகு அழுகை கேட்டது. முதலில் இருமல் மாதிரி, பிறகு யாரோ ஒரு சின்னப் பெட்டை அழுகிற மாதிரி. துஷ்யா ஓடப் பார்த்தாள். ரஜனி அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"விடு பிள்ளை, அழட்டும். ஏன் அழுறா எண்டு இனி ஆர் கேட்டாலும் சொல்ல ஒரு காரணம் இருக்குது."

திரும்பி வருகிற பஸ்ஸில் ரஜனி வடைப் பகிடி விடவில்லை. கடைசியில், "கிரியை?" என்று மட்டும் கேட்டாள்.

"உயிரோட இருக்கிறவனுக்கு என்ன கிரியை?" என்றார் விஜயரத்தினம்.

போனை எடுத்து, விரல் மடங்காததால் பெருவிரலால் அழுத்திக்கொண்டு, யாழ்ப்பாணத்துப் பொடியனுக்குக் குரல் மெசேஜ் விட்டார்: "தம்பி, திரு எண்டு போடும். ஆள் இருக்கிறார்." சொல்லிவிட்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். இனி தான் கண்ணை மூடும் வரைக்கும் தம்பியைச் சாகவிட முடியாது. தனக்குப் பிறகு அவனுக்குச் சோறு வைக்க வேறு ஆளும் இல்லை.

கலியாணம் இல்போர்ட் பக்கத்தில் ஒரு மண்டபத்தில் நடந்தது. ஆவணி மாதம், நல்ல வெயில். தயாளினி அரக்குச் சிவப்பில் பட்டுக் கட்டி, நெற்றியில் பெரிய பொட்டோடு, மகளின் கையைப் பிடித்து மண்டபத்தின் நடுவழியே மணவறைக்குக் கூட்டிக்கொண்டு வந்தாள். நாதஸ்வரக்காரர் ஊதின ஊதலில் சின்னப் பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டன. ஆலாத்தித் தட்டைப் பத்மாசனியே அவள் கையில் கொடுத்தாள். தயாளினி தட்டைச் சுற்றினாள், மெதுவாக, ஒரு சுடரும் அணையாமல். தாரை வார்க்க மட்டும் விஜயரத்தினமும் ரஜனியும் நின்றார்கள். செம்பிலிருந்து தண்ணீர் விழும்போது துஷ்யா பெரியப்பாவை நிமிர்ந்து பார்த்தாள். கோபமும் இல்லை, சிரிப்பும் இல்லை. பார்த்தாள், அவ்வளவுதான்.

சாப்பாட்டுப் பந்தியில் விஜயரத்தினத்துக்குப் பக்கத்தில் வந்து இருந்தவர் பத்மாசனியின் பெரியண்ணன். எழுபத்தைந்துக்கு மேல் வயது. வேட்டி, சால்வை, காதில் கேட்கிற மெசின்.

"நீர்தானே பொம்பிளையின்ர தகப்பன்ர தமையன்?"

"ஓம் அண்ணை."

"பத்மா எல்லாம் சொன்னவள். நான் முந்தி அறிஞ்சிருந்தா நோர்வேக்கு வந்து, செவிட்டைப் பொத்தி ரெண்டு குடுத்திருப்பன்." சோற்றைக் குழைத்துக்கொண்டே சொன்னார். மெசினைச் சரியாகப் பூட்டவில்லையோ என்னவோ, குரல் பக்கத்து மேசைக்கும் கேட்டது. "தாயைப் பாரும். என்ன வடிவாக் கூட்டிக்கொண்டு வந்தாள் பிள்ளையை. கொடியைக் கழட்டி எறியாமல் வைச்சிருக்கிறாளே, அவள் மனுசி. அவன் என்ன பிறப்போ!"

"ஓம் அண்ணை."

"இப்பிடியான ஆக்களை எனக்குத் தெரியும். உடம்பில தெம்பு இருக்குமட்டும் அங்க. இனி வயசு போக, அந்த வெள்ளைக்காரி துரத்திவிட, பையையும் தூக்கிக்கொண்டு இஞ்ச வந்து நிப்பான், பாரும். ஒரு நாளைக்கு உம்மட வாசலில வந்து அண்ணை எண்டு நிண்டா, என்ன செய்வீர்? உள்ளுக்கு எடுப்பீரோ?"

விஜயரத்தினத்தின் கை சோற்றில் நின்றது. வாசலில் நிற்கிறவனை அவரால் பார்க்க முடிந்தது. வயது போகவில்லை. ஒரு மயிரும் நரைக்கவில்லை. அண்ணன் கிழவனாகிப் போனதைக் கண்டு அவன்தான் திகைத்து நின்றான். உள்ளே வாடா என்று சொல்ல அவருக்கு ஒரு கணம் போதும்.

"சாப்பாடு காணுமோ? வெக்கப்படாமல் கேட்டுச் சாப்பிடுங்கோ" என்று பின்னால் தயாளினியின் குரல் கேட்டது. பந்தி பந்தியாக விசாரித்துக்கொண்டு வந்தவள், இவர்களுக்கு நேர் பின்னால் வந்துவிட்டிருந்தாள். கேட்காமலிருக்க வழியில்லை.

"என்ன, சொல்லும்" என்றார் கிழவர். "எடுப்பீரோ?"

விஜயரத்தினம் வாயிலிருந்ததை விழுங்கினார்.

"எடுக்கமாட்டம் அண்ணை."

"அதுதான் சரி" என்று கிழவர் திருப்தியாகத் தலையை ஆட்டினார். தயாளினி முன்னுக்குக் குனிந்து, மேசையிலிருந்த ரசத்தை எடுத்துக் கிழவருடைய சோற்றில் விட்டாள். "இன்னும் கொஞ்சம் விடட்டோ ஐயா?" என்று கேட்டாள். காணும் என்று அவர் கையைக் காட்டும் வரைக்கும் நின்று, பிறகு அடுத்த மேசைக்குப் போனாள்.